பத்தொன்பது பேர் ஆண்ட பதினோரு மாதங்கள்

1954 ஆகஸ்டில் ஒரு கட்சியின் பொதுச் செயலாளர், சிறையில் இருந்தபடியே தன் கட்சியின் முதலமைச்சருக்குத் தந்தி கொடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக்கு நீதி விசாரணை வை, பதவியை விட்டு விலகு என்பது அதன் சாரம். பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. கட்சி, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. மாநிலம், திருவிதாங்கூர்-கொச்சி. சுடப்பட்டவர்கள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போன தமிழர்கள்.

இந்திய சோஷலிஸ்டுகளைப் பற்றி எழுதப்பட்ட எந்த நூலை எடுத்தாலும் இந்தத் தந்தி இரண்டு வரியில் வந்து போகும். உடனே லோகியாவுக்கும் அதே கட்சியின் இன்னொரு தலைவரான அசோக் மேத்தாவுக்கும் நடந்த கொள்கைச் சண்டை தொடங்கிவிடும். குமரி மாவட்ட வரலாற்று நூல்களில் நேர் எதிர்: துப்பாக்கிச் சூடு பக்கம் பக்கமாக இருக்கும், தந்தி ஒரு அடிக்குறிப்பாக இருக்கும். ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பாதிகள் இரண்டு ஊர்களில், ஒன்றை ஒன்று பார்க்காமல் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் தேடலின் தொடக்கம்.

முதலில் சிறையைத் தேடினேன். கட்சிக்காரர்கள் எழுதியவற்றில் தந்தி நைனி சிறையிலிருந்து போனதாக வருகிறது. நைனி, அலகாபாத்துக்கு எதிரே யமுனையின் மறுகரையில் இருப்பது. ஆனால் லோகியா அப்போது கைதான வழக்கு பின்னாளில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1960 ஜனவரி 21 அன்று வந்த அந்தத் தீர்ப்பின் தலைப்பிலேயே இருப்பது ஃபதேகர் மத்தியச் சிறையின் கண்காணிப்பாளர். ஃபதேகர், ஃபருக்காபாத்தை ஒட்டிய ஊர். தீர்ப்பைப் படித்தால் வழி தெரிகிறது. ஃபருக்காபாத்தில் லோகியா பேசினார். உத்தரப் பிரதேச காங்கிரஸ் அரசு பாசன வரியை உயர்த்தியிருந்தது. கூடுதல் வரியைக் கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் சொன்னார். 1954 ஜூலை 4 அன்று கைது. ஆட்கொணர்வு மனு அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு அங்கே நடந்ததால் அவரை நைனிக்குக் கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இரண்டு சிறைகளும் உண்மைதான் என்று கொண்டால் முரண் தீர்கிறது.

ஆனால் அந்தத் தீர்ப்பு எனக்கு இடத்தை மட்டும் காட்டவில்லை. லோகியாவை உள்ளே வைத்த சட்டம் 1932-இல் வெள்ளையர் போட்டது, உத்தரப் பிரதேச சிறப்பு அதிகாரச் சட்டம். அரசுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாதே என்று சொல்வதையே குற்றமாக்கும் பிரிவு அதில் இருந்தது. உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள், மூன்றாமவர் வந்து பிரிவு செல்லாது என்றார், லோகியா வெளியே வந்தார். நீதிபதி சுப்பா ராவ் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதையே உறுதி செய்தது. பேச்சுக்கும் பொது அமைதிக் குலைவுக்கும் நேரடியான, நெருங்கிய தொடர்பு இருந்தாலொழியப் பேச்சைத் தடுக்க முடியாது என்பது அதன் சாரம். இன்றைக்கும் பேச்சுரிமை வழக்குகளில் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது.

இந்தப் பின்னணி தெரிந்த பிறகு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 1954 ஜூலை முதல் வாரம். வடக்கே, பேசியதற்காக ஒரு சோஷலிஸ்ட் தலைவர் உள்ளே போகிறார். அதே வாரம் தெற்கே மூணாற்றில், சோஷலிஸ்ட் அரசு போட்டிருந்த தடையை மீறியதற்காகத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர்களான நேசமணியும் அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதனும் கைதாகிறார்கள். தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்காக அங்கே போனவர்கள் அவர்கள். லோகியாவின் தந்தியை இந்த ஜூலை வாரத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ‘நாம் எதற்காகச் சிறையில் இருக்கிறோமோ, அதையே நம் அரசு செய்கிறதே’ என்று ஒருவர் பதறிய குரல் அது. அதைக் கட்சிக்குள் பதவிச் சண்டை என்று சுருக்கிப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

இனி தெற்கே வருவோம். திருவனந்தபுரத்தில் ஆவணக் காப்பகம் நளந்தா என்ற பகுதியில் இருக்கிறது. அட்டவணையில் ‘தமிழர் போராட்டம்’ என்று தேடினால் கிடைக்காது. அரசு அப்படிக் கோப்பு வைப்பதில்லை. சட்டம் ஒழுங்கு உள்துறையில், தோட்டத் தொழிலாளர் தகராறு தொழிலாளர் துறையில், எல்லைப் பிரச்சினை பொதுத் துறையில் என்று ஒரே போராட்டம் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. எடுத்துத் தந்த ஊழியர் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, “சாரே, இது தொட்டால் உதிரும், மெதுவாப் புரட்டணும்” என்று எச்சரித்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். ஓரம் முழுக்க வெள்ளிமீன் பூச்சி அரித்த துளைகள். நூல் நாடா அவிழ்க்கும்போதே பழுப்புத்தூள் மேசையில் கொட்டியது. தட்டச்சு செய்த பக்கங்களில் ‘ஓ’ எழுத்து வரும் இடமெல்லாம் காகிதம் குத்தப்பட்டு ஓட்டையாகியிருந்தது. ஆங்கிலத் தட்டச்சின் அழுத்தம். அந்த ஓட்டைகள் வழியாக அடுத்த தாளின் மை தெரிந்தது. இப்படிப்பட்ட தாள்களில் போராட்டம் நடத்தியவர்கள் ‘கிளர்ச்சிக்காரர்கள்’, அதோடு சரி. அவர்கள் யாருக்கு ஓட்டுப் போட்டவர்கள், எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள் என்பது அந்தத் தாள்களின் அக்கறைக்கு வெளியே இருந்தது.

ஆகஸ்ட் 11-ஐ திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் விடுதலை நாளாக அறிவித்திருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு உள்ளிட்ட தமிழர் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்பது அந்தக் கட்சியின் கோரிக்கை. அன்று கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் ஊர்வலங்கள் கிளம்பின. மார்த்தாண்டம் தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. இறந்தவர் தொகை நூலுக்கு நூல் மாறுகிறது. நான் பார்த்தவற்றில் நான்கு முதல் பதினொன்று வரை இருக்கிறது. கட்சி விவாதங்களை எழுதியவர்கள் சிறிய எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஊர் வரலாறு எழுதியவர்கள் பெரிய எண்ணை. எந்த எண்ணை எழுதினாலும் அது ஒரு தரப்பின் எண் என்பதைச் சொல்லாமல் எழுதக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். புதுக்கடையில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 11 அன்று அஞ்சலி செலுத்துகிறார்கள். அவர்களுக்கு எண்ணிக்கையில் குழப்பமில்லை, பெயர்கள் இருக்கின்றன.

விளவங்கோட்டுப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இந்தத் தாள்களைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “அது கெடக்கட்டும் மக்களே. நாலு வோட்டும் இல்லாம அந்த மனுசன் எப்பிடி முதலமைச்சர் ஆனாரு? அத முதல்ல பாருங்க.”

அந்தக் கேள்விதான் என் தேடலைத் திருப்பியது. அதுவரை ஆகஸ்டிலிருந்து முன்னே போய்க்கொண்டிருந்தேன். இனி பின்னே போக வேண்டும்.

1954 தேர்தல் முடிவுகள் யாரும் மறைத்து வைத்தவை அல்ல. தேர்தல் ஆணையத்தின் பதிவில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கின்றன. மொத்தம் 117 இடங்கள். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் கட்சி 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12, புரட்சிகர சோஷலிஸ்ட் கட்சி 9, சுயேச்சைகள் 9. பெரும்பான்மைக்கு 59 வேண்டும். யாருக்கும் இல்லை. தேர்தலில் பிரஜா சோஷலிஸ்டுகள் இடதுசாரிகளோடு உடன்பாடு வைத்துக் காங்கிரசை எதிர்த்துத்தான் நின்றார்கள். இடதுசாரி இரண்டு கட்சிகளையும் சோஷலிஸ்டுகளையும் கூட்டினால் 51. இன்னும் எட்டு வேண்டும்.

இங்கேதான் பென்சிலைக் கையில் எடுத்தேன். 51-உடன் தமிழ்நாடு காங்கிரசின் 12-ஐக் கூட்டினால் 63. காங்கிரசின் 45-உடன் சோஷலிஸ்டுகளின் 19-ஐக் கூட்டினால் 64. ஆக, மார்ச் மாதத்தில் பட்டத்தின் முன்னால் இரண்டு பெரும்பான்மைகள் இருந்தன. வித்தியாசம் ஒரே ஓர் ஆள். ‘வேறு வழியில்லாமல்தான் காங்கிரஸ் ஆதரவை ஏற்றோம்’ என்ற வாதம் எண்ணிக்கையில் நிற்கவில்லை.

எண்ணிக்கை மட்டும் அரசியல் இல்லை என்பது எனக்கும் தெரியும். 63-க்கு ஒரு விலை இருந்தது. நேசமணியின் பன்னிரண்டு பேரும் அமைச்சர் பதவிக்காக வந்தவர்கள் அல்லர். தமிழர் வட்டங்களுக்காக வந்தவர்கள். 1952-இல் எட்டு இடங்களோடு ஏ.ஜே. ஜானின் காங்கிரஸ் அமைச்சரவையைத் தாங்கி நின்றவர்களும் அவர்கள்தான். 1953-இல் ஆதரவை எடுத்து அந்த அமைச்சரவையைக் கவிழ்த்தவர்களும் அவர்கள்தான். ஐக்கிய கேரளம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நேரம் அது. நாஞ்சில் நாட்டு நெல்வயலையும் தேவிகுளத்துத் தேயிலை மலையையும் விட்டுத் தருகிறேன் என்று எந்த மலையாளித் தலைவரும் வாய் திறந்திருக்க முடியாது. கம்யூனிஸ்டுகளோடு சேர்வதற்கும் சோஷலிஸ்டுகளுக்கு ஆயிரம் தயக்கம் இருந்தது. 64-க்கும் விலை உண்டு, ஆனால் அதை உடனே எண்ணி வைக்க வேண்டியதில்லை. காங்கிரஸ் வெளியிலிருந்து கை தூக்கும், அமைச்சர்கள் எல்லோரும் நம்மவர்கள், கூட்டு அமைச்சரவை என்ற பெயரும் வராது. 1954 மார்ச் 16 அன்று பட்டம் பதவியேற்றார்.

அப்போது கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாதான் என்பதையும் இங்கே குறித்தாக வேண்டும். ஆகஸ்டில் தந்தி கொடுத்தவர், மார்ச்சிலும் அந்தப் பதவியில் இருந்தார்.

துப்பாக்கிச் சூட்டை வைத்து நடந்த கட்சி விவாதம் முழுவதும் ஆகஸ்ட் 11-இலேயே நிற்கிறது. சுடலாமா, சுடக் கூடாதா, சுட்டால் விலக வேண்டுமா. நான் சொல்ல வருவது, சமரசம் நடந்த நாள் ஆகஸ்ட் 11 அல்ல, மார்ச் 16 என்பதுதான். காங்கிரசை எதிர்த்து ஓட்டுக் கேட்டு, காங்கிரசின் தயவில் நாற்காலியில் அமர்ந்த அன்றே, அந்த அரசைத் தாங்கும் வரிசைகளில் நான்கு தெற்கு வட்டங்களுக்காகப் பேச ஆளில்லாமல் போயிற்று. பன்னிரண்டு பேரும் எதிர் வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். பேச இடமில்லாத கோரிக்கை தெருவுக்கு வந்தது. தெருவுக்கு வந்ததைச் சந்திக்க அரசிடம் இருந்தது தடை உத்தரவும் போலீசும்.

பட்டத்தின் தரப்பைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை மத்திய அரசு 1953 டிசம்பரிலேயே அமைத்துவிட்டது. எல்லையை முடிவு செய்யும் அதிகாரம் திருவனந்தபுரத்திடம் இல்லை. அவருடைய அரசு நிலச்சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தது. குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பு தர நினைத்தது. 1948-இல் திருவிதாங்கூரின் முதல் மக்களாட்சிப் பிரதமராக இருந்து, சில மாதங்களிலேயே சொந்தக் கட்சிக்காரர்களால் இறக்கப்பட்டவர். எழுபதை நெருங்கும் வயதில் மீண்டும் கிடைத்த வாய்ப்பு இது. இத்தனையும் உண்மை. ஆனால் ஆணையம் முடிவு செய்யட்டும் என்று சொல்கிற அரசு, ஆணையத்தின் காதில் விழும்படி ஊர்வலம் போகிறவர்களைத் தடுப்பதற்குக் காரணம் தேட முடியாது. அந்த ஊர்வலங்களை விட்டிருந்தால் அரசு கவிழ்ந்திருக்காது.

இன்னும் ஒரு படி பின்னே போனால் பேதூல் வருகிறது. 1953 ஜூனில் மத்தியப் பிரதேசத்தின் பேதூலில் கூடிய கட்சி மாநாட்டில் அசோக் மேத்தா ஓர் அறிக்கை வைத்தார். பின்தங்கிய பொருளாதாரத்தில் நாட்டைக் கட்டி எழுப்புவதே தலையாய வேலை. எனவே எதிர்க்கட்சி எல்லாவற்றையும் எதிர்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆளும் கட்சியோடு ஒத்துப்போகும் இடங்களைத் தேட வேண்டும் என்பது அதன் வாதம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் நேருவும் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஜெயபிரகாஷ் நாராயணும் ஒத்துழைப்புப் பற்றிப் பேசி, பேச்சு முறிந்திருந்தது. லோகியாவின் நிலை வேறு: காங்கிரசிடமிருந்தும் கம்யூனிஸ்டுகளிடமிருந்தும் சம தூரம்.

மேத்தாவின் அறிக்கையைச் சிலர் இன்றைக்கும் பச்சையான பதவி ஆசை என்பார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அதன் பின்னால் 1952-இன் அடி இருக்கிறது. முதல் பொதுத்தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சி 10.6 விழுக்காடு வாக்கு வாங்கி 12 இடங்களோடு நின்றது. கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 5.8 விழுக்காட்டோடு 9 இடம். வெறும் 3.3 விழுக்காடு வாங்கிய கம்யூனிஸ்டுகளுக்கு 16 இடம் கிடைத்தது. வாக்கு நாடெங்கும் சிதறிக் கிடந்தவனுக்கு இடம் இல்லை, ஓரிடத்தில் குவித்தவனுக்கு உண்டு. அந்த ஏமாற்றத்தில்தான் 1952 செப்டம்பரில் இரண்டு கட்சிகளும் சேர்ந்து பிரஜா சோஷலிஸ்ட் கட்சி ஆயின. இத்தனை லட்சம் பேர் ஓட்டுப் போட்டும் கையில் ஒன்றும் இல்லையே என்று தவித்த கட்சிக்கு, ஏதோ ஒரு மாநிலத்தில் ஆட்சி நடத்திக் காட்ட வேண்டும் என்ற வேகம் வந்தது இயல்பு. அந்த வேகம் கனிந்த இடம் திருவனந்தபுரம்.

ஆக, தொடுவெட்டிச் சந்தையில் வெடித்தது மூன்று நிலைகளில் கட்டப்பட்டது. 1952-இன் ஏமாற்றம், பேதூலின் வாதம், மார்ச்சின் கணக்கு. இதில் எந்த நிலையிலும் விளவங்கோட்டு வாக்காளரின் குரல் கேட்கப்பட்டதற்கான தடயம் எனக்குக் கிடைக்கவில்லை.

தில்லி தீன் மூர்த்தி நூலகத்தில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் ஆவணங்கள் இருக்கின்றன. கட்சி வார ஏடான ஜனதாவின் பழைய இதழ்களும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. அங்கே உட்கார்ந்து ஆகஸ்ட் முதல் நவம்பர் வரைக்குமான விவாதத்தைத் தொடர்ந்து வாசிப்பது மனதைக் கனக்கச் செய்யும் வேலை. ஆயுதம் ஏந்தாத மக்களைச் சுடும் உரிமை ஒரு சோஷலிச அரசுக்கு உண்டா என்ற கேள்வியை இவ்வளவு தீவிரமாக விவாதித்த கட்சி இந்தியாவில் வேறு இல்லை. அதற்காக அந்தக் கட்சியை மதிக்கிறேன். காங்கிரஸ் ஆண்ட மாநிலங்களில் எத்தனையோ முறை போலீஸ் சுட்டது. அதற்காக ஒரு காங்கிரஸ் பொதுச் செயலாளர் தன் முதலமைச்சரை விலகச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை. அதே நேரம், அந்த விவாதத்தில் இறந்தவர்கள் ஓர் உதாரணம் ஆகிவிடுகிறார்கள். எந்த ஊர், எதற்காக ஊர்வலம், அந்தக் கோரிக்கை நியாயமா என்பதெல்லாம் மங்கிப் போகிறது. லோகியாவின் தரப்பிலும் இது உண்டு. அவருக்குக் கொள்கை முக்கியம். குழித்துறை ஆற்றின் கரையில் இருக்கும் ஊர்களின் எல்லைக் கோரிக்கை அவருடைய சண்டையின் மையத்தில் இல்லை.

பட்டம் விலகவில்லை. கட்சியின் தேசிய நிர்வாகக் குழு லோகியாவின் கோரிக்கையை ஏற்கவில்லை. லோகியா பொதுச் செயலாளர் பதவியை விட்டார். 1954 நவம்பரில் நாகபுரியில் சிறப்பு மாநாடு கூடியது. பெரும்பான்மை நிர்வாகக் குழுவின் பக்கம் நின்றது, எதிர்ப்பும் பலமாக இருந்தது. கிருபளானி தலைவர் பதவியிலிருந்து விலக, ஆச்சாரிய நரேந்திர தேவா வந்தார். ஜெயபிரகாஷோ அந்த ஆண்டு ஏப்ரலிலேயே புத்தகயாவில் தன் வாழ்வைப் பூதான இயக்கத்துக்கு அர்ப்பணித்துவிட்டு, கட்சி அரசியலிலிருந்து விலகி நடக்கத் தொடங்கியிருந்தார். குடும்பச் சண்டையை விலக்கிவிடக் கூடிய ஒரே பெரியவரும் வீட்டில் இல்லாத நிலை.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. சோஷலிஸ்டுகளின் கொடியையே காங்கிரஸ் எடுத்து நட்டுக்கொண்டது போலாயிற்று. மேத்தா அதில் ஒத்துழைப்புக்கு வாசல் திறப்பதைக் கண்டார். அவரை வெளிப்படையாக விமர்சித்த மது லிமயேயைக் கட்சி இடைநீக்கம் செய்தது. லிமயேக்காகப் பேசிய லோகியாவும் அந்த ஆண்டிலேயே வெளியேற்றப்பட்டார். ஆண்டு முடிவில் ஹைதராபாதில் தனிக் கட்சி தொடங்கினார்.

திருவனந்தபுரத்தில், துப்பாக்கிச் சூட்டுக்குப் பின்னும் ஆறு மாதம் காங்கிரஸ் பட்டத்தின் அரசைத் தாங்கியது. 1955 பிப்ரவரி 10 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு வீழ்ந்தது. தாங்கிய கையே விலகிக்கொண்டதுதான் காரணம். நான்கு நாளில் பனம்பிள்ளி கோவிந்த மேனோன் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது. ஒரு கட்சி தன் பொதுச் செயலாளரையும் ஒற்றுமையையும் கொடுத்துக் காப்பாற்றிய அரசு பதினோரு மாதம்கூட முழுதாக நிற்கவில்லை.

வாக்காளர் என்ன நினைத்தார்? இதற்கு நேரான சாட்சி வாக்குப் பெட்டி மட்டும்தான். 1952-இல் திருவிதாங்கூர்-கொச்சியில் சோஷலிஸ்டுகளுக்கு 11 இடங்கள். 1954-இல் 19. கேரளம் பிறந்த பின் 1957-இல் நடந்த முதல் தேர்தலில், மலபார் சேர்ந்து பெரிதான 126 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில், 9. கம்யூனிஸ்டுகள் 60 இடம் பிடித்து, சுயேச்சைகளின் துணையோடு ஆட்சி அமைத்தார்கள். 19-ஐயும் 9-ஐயும் அப்படியே ஒப்பிட முடியாது. தெற்கு வட்டங்கள் போய், வடக்கே மலபார் வந்துவிட்டது. ஆனால் பரப்பு பெரிதான பிறகும் இடம் பாதிக்கும் கீழே இறங்கியதற்கு எல்லைக்கோட்டை மட்டும் காரணம் காட்ட முடியாது. காங்கிரசை எதிர்க்கிறோம் என்று சொன்ன இரண்டு கட்சிகளில், ஒன்று காங்கிரசின் தயவில் ஆண்டு காட்டியது. இன்னொன்று எதிர்த்தே நின்றது. காங்கிரஸ் மேல் கோபம் கொண்ட வாக்காளர் யாரிடம் போவார்?

குமரியில் கதை வேறு திசையில் போயிற்று. 1955 செப்டம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிக்கை தந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை சென்னைக்குப் போகலாம். தேவிகுளமும் பீர்மேடும் கூடாது. தோட்டத் தமிழர்கள் வந்து போகிற கூட்டம் என்பதும், அந்த மலைகள் கேரளத்தின் பொருளாதாரத்துக்குத் தேவை என்பதும் ஆணையம் சொன்ன காரணங்கள். தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களை ‘வந்து போகிறவர்கள்’ என்று எழுதிய அந்தப் பத்தியை எத்தனை முறை படித்தாலும் என்னால் அமைதியாகக் கடக்க முடிவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் தன் வேலை முடிந்ததென்று இந்திய தேசிய காங்கிரசில் கலந்தது. சோஷலிஸ்ட் அரசின் மேல் இருந்த தெற்கு வட்டங்களின் கோபம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம், அந்த அரசைத் தாங்கிய அதே காங்கிரஸ்.

பட்டமும் பிரஜா சோஷலிஸ்டுகளும் 1959-இல் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிரான விமோசன சமரத்தில் முன்வரிசையில் நின்றார்கள். அந்தப் போராட்டத்தில் அங்கமாலியில் போலீஸ் சுட்டபோது கேரளம் கொந்தளித்தது. அதில் சோஷலிஸ்டுகள் எழுப்பிய கண்டனக் குரல் நியாயமானதே. தொடுவெட்டிக்கு ஐந்து ஆண்டு கழித்து அந்தக் குரலைக் கேட்ட விளவங்கோட்டுக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். 1960 தேர்தலில் காங்கிரஸ் 63, பிரஜா சோஷலிஸ்ட் 20, முஸ்லிம் லீக் 11 என்று அணி வென்றது. மீண்டும் பட்டம் முதலமைச்சர். இந்த முறை காங்கிரஸ் வெளியே நிற்கவில்லை, அமைச்சரவைக்குள்ளேயே இருந்தது. 1962-இல் பஞ்சாப் ஆளுநர் பதவி வந்தது. பட்டம் போனார், ஆர். சங்கர் முதலமைச்சரானார். கட்சிக்கு அந்த நாற்காலி அதன் பிறகு கிடைக்கவில்லை. அசோக் மேத்தா 1963-இல் திட்டக்குழுத் துணைத்தலைவர் ஆனார், அடுத்த ஆண்டு காங்கிரசில் சேர்ந்தார். பேதூல் அறிக்கை போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவும் தலைவர்கள் பக்கம். அவர்கள் கடிதம் எழுதினார்கள், அறிக்கை விட்டார்கள், சிறையிலிருந்து தந்தி கொடுத்தார்கள். எல்லாம் தில்லியிலும் திருவனந்தபுரத்திலும் அலமாரியில் இருக்கிறது. சமரசத்துக்கு ஆளான வாக்காளர்களின் தாள்கள் அரசு அலமாரிக்கு வரவில்லை. இந்தப் பக்கத்தை நிரப்பக் கூடிய ஒரு முக்கியச் சாட்சி தினமலர். 1951-இல் திருவனந்தபுரத்தில் டி.வி. ராமசுப்பையர் தொடங்கிய ஏடு அது. நாஞ்சில் தமிழர்களின் குரலாகவே பிறந்தது. 1957-இல்தான் திருநெல்வேலிக்குப் போனது. அந்தத் திருவனந்தபுரக் காலத்து இதழ்களை முழுத் தொகுப்பாக வைத்து ஒருவர் வாசித்தால், கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் மார்ச்சிலேயே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது தெரியவரும்.

மற்றவை வீடுகளில் இருக்கின்றன. 1954 பிப்ரவரித் தேர்தல் துண்டறிக்கைகள், மூணாற்றுக்குப் போனவர்களுக்கு வந்த நீதிமன்ற அழைப்பாணைகள், ஆகஸ்ட் 11 ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்க அச்சடித்த நோட்டீஸ்கள், சிறையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கார்டுகள். குழித்துறை, புதுக்கடை, தக்கலை, திருவட்டாறு பக்கத்துக் குடும்பங்களில் தகரப் பெட்டிக்குள் இவை இருக்கக் கூடும். அப்படி ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்திலோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ ஒரு படி எடுக்கக் கொடுங்கள். அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பட்டத்தின் கட்சி உங்கள் ஊரில் ஓட்டுக் கேட்டு அச்சடித்த தாள் ஏதும் இருந்தால் அதை முதலில் காட்டுங்கள். காங்கிரசோடு சேர மாட்டோம் என்று அதில் எழுதியிருந்ததா என்பதை நான் பார்க்க வேண்டும்.